வராதவரின் நாற்காலி

1869 பிப்ரவரி 26. அமெரிக்க செனட்டில் வாக்கெடுப்பு. இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்த நிலை ஆகியவற்றைக் காரணம் காட்டி எந்தக் குடிமகனின் வாக்குரிமையையும் பறிக்கக் கூடாது என்கிற அரசியல் சட்டத்தின் 15-வது திருத்தம் சபையின் முன் இருக்கிறது. குமாஸ்தா அகர வரிசையில் பெயர்களைக் கூப்பிடுகிறார். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ‘ஆம்’, அல்லது ஓர் ‘இல்லை’. கூட்டிப் பார்த்தால் ஆதரவு 39, எதிர்ப்பு 13. திருத்தம் தேறிவிட்டது.

39-ம் 13-ம் 52. மிச்சம் 14 பேர் வாக்களிக்கவில்லை. அந்தப் பதினான்கு பேர் பட்டியலில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சார்ல்ஸ் சம்னர் பெயர் இருக்கிறது.

கறுப்பின மக்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று அதே சபையில் பதினேழு வருடமாகத் தொண்டை வறளப் பேசியவர் அவர். அதற்காக மண்டை உடைபட்டவர். அது கனிந்து கைக்கு வந்த நாளில் அவர் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. காரணம் உண்டு. ஆனால் அதற்குப் போகும் முன், சம்னரின் வருகைக் கணக்கில் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. மூன்றரை வருட ஓட்டை. அதைப் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வர முடியும்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன் ஐயா’ என்போம். செனட்டில் வாக்கெடுப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். வந்திருக்கும் உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால், யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பதைப் பெயரோடு சபைக் குறிப்பேட்டில் ஏற்றியாக வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. மற்ற நேரங்களில் குரல் கொடுத்துத் தப்பித்துக்கொள்ளலாம். பெயர் கூப்பிட்டுவிட்டால் முடியாது. அங்கே விழும் வெற்றிடத்துக்கு ஆயிரம் அர்த்தம். ஜுரமாக இருக்கலாம். ரயிலைத் தவறவிட்டிருக்கலாம். பல செனட்டர்கள் பதவியில் இருந்துகொண்டே வக்கீல் தொழிலும் பார்த்தார்கள், வாய்தாவுக்குப் போயிருக்கலாம். எதிரணிக்காரர் ஒருவரோடு, ‘நீயும் போடாதே, நானும் போடவில்லை, கணக்கு சரியாகிவிடும்’ என்று ஜோடி சேர்ந்துகொள்ளும் வழக்கமும் இருந்தது. குறிப்பேட்டுக்கு இதெல்லாம் தெரியாது. வாக்கு இல்லை என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

சம்னர் 1811-ல் பாஸ்டன் நகரத்தில் பிறந்தார். ஹார்வர்டில் சட்டம் படித்தார். வக்கீல் தொழிலில் கால் ஊன்ற ஆரம்பித்த நேரத்தில், 1837-ல், அதைப் போட்டுவிட்டுக் கடன் வாங்கிக்கொண்டு ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். பாரிஸில் சோர்போன் வகுப்புகளில் சும்மா போய் உட்கார்ந்து பாடம் கேட்பார். அப்படி ஒரு நாள், 1838 ஜனவரியில், வகுப்பில் சில கறுப்பின மாணவர்கள் இருப்பதைக் கவனித்தார். மற்ற மாணவர்கள் அவர்களோடு சகஜமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. தன் நாட்டில் இரு இனத்தாருக்கும் நடுவே இருக்கும் தூரம் இயற்கை போட்டதல்ல, வளர்ப்பு போட்டது என்ற பொருள்பட அன்று நாட்குறிப்பில் எழுதினார். பாடம் என்ன நடந்ததோ, அவர் கற்றுக்கொண்டது இதுதான்.

ஊர் திரும்பிப் பத்து வருடம் கழித்து ஒரு வழக்கு. சாரா ராபர்ட்ஸ் என்ற கறுப்பினச் சிறுமி, ஐந்து வெள்ளையர் பள்ளிகளைத் தாண்டி நடந்து தன் இனத்துக்கென ஒதுக்கிய பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. அப்பா பாஸ்டன் நகர நிர்வாகத்தின் மீது வழக்குப் போட்டார். ராபர்ட் மாரிஸ் என்ற கறுப்பின வழக்கறிஞரும் சம்னரும் சேர்ந்து வாதாடி, 1850-ல் தோற்றார்கள். ஆனால் 1855-ல் மாசசூசெட்ஸ் சட்டமன்றமே பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழித்துவிட்டது. தோற்ற வாதம் ஐந்து வருடத்தில் சட்டமாகியது.

அந்தக் காலத்தில் செனட்டரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்க முடியாது. மாநிலச் சட்டமன்றம்தான் தேர்ந்தெடுக்கும். 1913 வரை அதுதான் ஏற்பாடு. 1851 ஜனவரியில் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் உட்கார்ந்தது. அடிமை முறை பரவுவதை எதிர்த்த ‘ஃப்ரீ சாயில்’ கட்சியும் ஜனநாயகக் கட்சியும் கூட்டணி. வேட்பாளர் சம்னர். ஆனால் சொந்தக் கூட்டணியிலேயே முரண்டு பிடித்தவர்கள் இருந்தார்கள். வாக்கெடுப்புக்கு மேல் வாக்கெடுப்பு. பனி உருகி வசந்தமும் வந்துவிட்டது. ஏப்ரல் 24-ம் தேதி, 26-வது சுற்றில், தேவையான எண்ணிக்கையை ஒற்றை வாக்கு வித்தியாசத்தில் தொட்டார். ஒருகாலத்தில் புகழ்பெற்ற பேச்சாளர் டேனியல் வெப்ஸ்டர் உட்கார்ந்த இடம் அது.

தமிழில் வாக்கு என்றால் சொல்லும்தான், ஓட்டும்தான். சம்னருக்கு முதலாவதில் பஞ்சமே இல்லை. மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் பேசுவார். பேச்சை முன்னமே எழுதி, மனப்பாடம் செய்து, லத்தீன் மேற்கோள்களோடு கொட்டுவார். இரண்டாவதில்தான் தகராறு. 1852 ஆகஸ்டில், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து எஜமானர்களிடமே ஒப்படைக்கச் சொல்லும் சட்டத்தை ரத்துசெய்ய வேண்டும் என்று பேசி முடித்து, வாக்கெடுப்புக் கேட்டார். எதிர்த்து 47 பேர். ஆதரித்து 4 பேர். அந்த நான்கில் ஒருவர் சம்னரே. இன்னொருவர் ஒஹாயோவின் சால்மன் சேஸ். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

1854-ல் கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் வந்தது. புதிதாக உருவாகும் அந்தப் பகுதிகளில் அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கே குடியேறுகிறவர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்றது சட்டம். காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. நடந்தது என்னவென்றால், இரு தரப்பும் ஆள் திரட்டி, துப்பாக்கியோடு குடியேறின. கன்சாஸில் ரத்தம் சிந்த ஆரம்பித்தது.

1856 மே 19-ம் தேதியும் 20-ம் தேதியும், இரண்டு நாள், சம்னர் கன்சாஸ் பற்றிப் பேசினார். அச்சில் நூறு பக்கத்துக்கு மேல் வரும் பேச்சு. அதில் தென் கரோலினா செனட்டர் ஆண்ட்ரூ பட்லரைப் பிடித்துக்கொண்டார். நாவல் நாயகன் டான் கிஹோட்டே தன் கற்பனைக் காதலியைக் கும்பிட்டுக்கொண்டு திரிந்ததைப் போல பட்லரும் ஒரு காதலியை வரித்துக்கொண்டிருக்கிறார். ஊருக்கு அவள் அசிங்கம், அவருக்கு அவள் அழகி. அவள் பெயர் அடிமை முறை என்கிற வேசி. இந்த ரீதியில் போயிற்று. அதோடு விடவில்லை. பட்லருக்குப் பேசும்போது வாய் குழறும், எச்சில் தெறிக்கும். அதையும் நையாண்டி செய்தார்.

பட்லர் அன்று சபையில் இல்லை. ஊருக்குப் போயிருந்தார்.

சம்னரின் கொள்கை எவ்வளவு சரியோ, இந்த இடம் அவ்வளவு தப்பு என்பது என் அபிப்பிராயம். எதிரே இல்லாத மனிதரின் உடற்குறையைப் பிடித்துக்கொண்டு கேலி செய்வதற்குக் கன்சாஸும் தேவையில்லை, டான் கிஹோட்டேவும் தேவையில்லை. சம்னர் இந்தப் பேச்சுக்காகக் கடைசிவரை வருந்தியதாகத் தெரியவில்லை. வருந்தவிடாமல் செய்துவிட்டார் இன்னொருவர்.

ப்ரெஸ்டன் ப்ரூக்ஸ். பட்லரின் உறவினர். தென் கரோலினாவிலிருந்து கீழவையான பிரதிநிதிகள் சபைக்கு வந்தவர். இளமையில் ஒரு துப்பாக்கிச் சண்டையில் இடுப்பில் குண்டு வாங்கியவர். அன்றிலிருந்து கையில் தடி. சம்னரையும் துப்பாக்கிச் சண்டைக்குக் கூப்பிட்டிருக்கலாமே என்றால், அவர்கள் ஊர் மரியாதைப்படி அப்படிச் சவால் விடுவது சமமானவனிடம். சமமில்லாதவனைக் கைத்தடியால் அடிக்க வேண்டும். ப்ரூக்ஸ் கைத்தடியைத் தேர்ந்தெடுத்தார். மலாய்க் காடுகளில் ஒரு மரத்திலிருந்து இறக்கும் பாலை உறையவைத்துச் செய்கிற, ரப்பரின் ஒன்றுவிட்ட சகோதரனான ‘கட்டாபெர்ச்சா’வால் ஆன தடி. தங்கப் பூண் போட்ட தலை.

மே 22, வியாழக்கிழமை. பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவர் இறந்துபோயிருந்ததால் செனட் சீக்கிரமே கலைந்துவிட்டது. சம்னர் தன் இடத்தை விட்டு எழவில்லை. முன்னால் பேச்சின் அச்சுப் பிரதிகள் குவிந்திருந்தன. செனட்டர் தன் கையெழுத்தைப் போட்டால் தபாலுக்குக் காசில்லை. ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ப்ரூக்ஸ் உள்ளே வந்து உட்கார்ந்தார். மண்டபத்தில் ஒரு பெண் இன்னும் போகாமல் இருந்தார். பெண்பிள்ளைகள் முன்னால் இந்தக் காரியத்தைச் செய்வது நாகரிகமல்ல என்று அவர் போகும்வரை காத்திருந்தார் ப்ரூக்ஸ். நாகரிகம் என்பது எங்கெங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது பாருங்கள்.

அந்தப் பெண் போனார். ப்ரூக்ஸ் எழுந்து வந்தார். பேச்சைக் கவனமாக இரண்டு தடவை படித்ததாகவும், அது தென் கரோலினாவுக்கும் தன் உறவினருக்கும் அவதூறு என்றும் சொல்ல ஆரம்பித்தார். முடிக்கும் முன்பே தடி இறங்கியது. சம்னர் ஆறடிக்கு மேல் உயரம். நீண்ட கால்கள் மேசைக்கு அடியில் சிக்கியிருந்தன. மேசையோ தரையோடு திருகாணி போட்டு முடுக்கியது. எழ முடியவில்லை. தலையிலிருந்து வழிந்த ரத்தத்தில் கண் தெரியவில்லை. வெறி கொண்ட மாதிரி தொடைகளால் உந்தி, திருகாணிகள் பிய்த்துக்கொண்டு வர, மேசையைத் தரையிலிருந்தே பெயர்த்துவிட்டார். எழுந்து தடுமாறினார். ப்ரூக்ஸ் நிறுத்தவில்லை. தடி ஒடிந்தது. ஒடிந்த துண்டாலும் அடித்தார். தடுக்க வந்தவர்களை, ப்ரூக்ஸுக்குத் துணையாக வந்த தென் கரோலினாக்காரர் லாரன்ஸ் கீட் தன் தடியை ஓங்கி விலக்கி நிறுத்தினார். சுமார் முப்பது அடி என்று ப்ரூக்ஸ் பிறகு தம்பிக்கு எழுதிய கடிதத்தில் பெருமையாகக் கணக்குச் சொன்னார்.

கணக்கு அத்தோடு முடியவில்லை. ப்ரூக்ஸை வெளியேற்றப் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு நடந்தது: ஆதரவு 121, எதிர்ப்பு 95. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், இல்லை. ப்ரூக்ஸ் தாமாகவே ராஜினாமா செய்தார். தொகுதி மக்கள் ஆகஸ்டில் அவரையே திருப்பி அனுப்பினார்கள். நீதிமன்றம் போட்ட தண்டனை 300 டாலர் அபராதம். தெற்கத்திய ஊர்களிலிருந்து அவருக்குப் புதுப் புதுக் கைத்தடிகள் பரிசாக வந்து குவிந்தன.

சம்னருக்கு முதலில் சில நாள் ஓய்வு போதும் என்றார்கள். காயம் சீழ் பிடித்தது, ஜுரம் ஏறியது. பிறகு காயம் ஆறியது, ஆள் ஆறவில்லை. நடந்தால் தலை கனத்தது, கால்கள் தடுமாறின, இரவில் தூக்கமில்லை. நாற்காலி காலியாகவே இருந்தது.

இங்கே ஒரு சின்னச் சட்ட விஷயம் குறுக்கே வருகிறது. எனக்கு இதில் தனிச் சுவை. அதுவரை செனட்டர்களுக்குச் சம்பளம் நாள் கூலிதான்: சபை நடக்கும் நாளுக்கு 8 டாலர். தடியடி நடந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1856 ஆகஸ்ட் 16-ம் தேதி, இதை மாற்றி ஆண்டுக்கு 3,000 டாலர் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். மாதச் சம்பளமாகிவிட்டால் வராமலே வாங்கிக்கொள்வார்களே? அதற்கும் ஒரு பிரிவு: வராத ஒவ்வொரு நாளுக்கும் சம்பளத்தில் பிடித்தம், உறுப்பினருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ உடம்பு சரியில்லை என்று காரணம் சொன்னால் மட்டும் விலக்கு. சம்னருக்காகப் போட்ட சட்டமல்ல. ஆனால் அந்த நேரத்தில் அந்த விலக்கு அவரைவிடப் பொருத்தமாக வேறு யாருக்கு அமைந்திருக்கும்? சபைக்குள்ளே, சொந்த இருக்கையில், சக நாடாளுமன்றக்காரர் கையால் வந்த ‘உடம்பு சரியில்லை’ அது. அந்தப் பிரிவு இன்றும் அமெரிக்கச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. யாருக்கும் பிடித்தம் செய்கிற வழக்கம்தான் காணோம்.

சம்னரின் பதவிக்காலம் 1857 மார்ச்சோடு முடிய இருந்தது. வேலைக்கே வர முடியாதவரை மறுபடி தேர்ந்தெடுப்பார்களா? முன்பு 26 சுற்றுப் படாதபாடு படுத்திய அதே மாசசூசெட்ஸ் சட்டமன்றம் இந்தத் தடவை ஒரே மூச்சில், கிட்டத்தட்ட ஒருமனதாக அவரைத் தேர்ந்தெடுத்தது. பேசுகிற சம்னரைவிடக் காலி நாற்காலி வலுவாகப் பேசுகிறது என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரி 26, 1857. ஆமாம், அதே பிப்ரவரி 26, பன்னிரண்டு வருடம் முன்னால். சம்னர் வெளிறிய முகத்தோடு செனட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். அடிமை முறைக்காகவா? இல்லை. சுங்க வரி மசோதா. மாசசூசெட்ஸ் ஆலை முதலாளிகளுக்குக் கம்பளி போன்ற மூலப்பொருள் மலிவாக வேண்டும். வரிக் குறைப்புக்கு ஒவ்வொரு வாக்கும் தேவைப்பட்டது. வந்தார், வாக்களித்தார். மார்ச் 4-ம் தேதி புதிய பதவிக்காலத்துக்கு உறுதிமொழி எடுத்தார். மார்ச் 7-ம் தேதி ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

1857 டிசம்பரில் திரும்பி வந்து மறுபடி முயன்று பார்த்தார். சபையில் தொடர்ந்து உட்கார முடியவில்லை. சில வாக்கெடுப்புகளுக்கு மட்டும் தலையைக் காட்டினார். 1858 மே 22-ம் தேதி, அடிபட்ட இரண்டாவது ஆண்டு நிறைவு நாளிலேயே, மறுபடி ஐரோப்பா புறப்பட்டார்.

பாரிஸில் அவருக்கு வைத்தியம் பார்த்தவர் சார்ல்ஸ்-எடுவார் ப்ரௌன்-செக்கார். மொரீஷியஸில் பிறந்தவர், முதுகுத் தண்டு ஆராய்ச்சியில் அன்று பெரிய பெயர். அடி தலையில் விழுந்தாலும் கேடு முதுகுத் தண்டுக்கு இறங்கியிருக்கிறது, நெருப்புத்தான் மருந்து என்றார். மோக்ஸா என்று அதற்குப் பெயர்: பஞ்சு போல மெத்தென்ற பொருளைச் சுருட்டி, வெற்று முதுகின் மீது வைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். அது சதையோடு சேர்ந்து எரிந்து அடங்கும். நம் கிராமங்களில் சூடு போடுவது என்பார்களே, அதன் பாரிஸ் பதிப்பு. மயக்க மருந்தாகக் குளோரோஃபார்ம் அப்போது புழக்கத்துக்கு வந்துவிட்டது. அது கொடுத்தால் வைத்தியத்தின் பலன் குறையுமா என்று சம்னர் கேட்டார். குறையலாம் என்றார் டாக்டர். அப்படியானால் வேண்டாம் என்றுவிட்டார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு முறை அல்ல, நாள்கள் இடைவெளியில் பல முறை. மனிதனுக்கோ விலங்குக்கோ தான் கொடுத்த வேதனைகளிலேயே கொடியது இதுதான் என்று அந்த டாக்டர் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

இன்றைய மருத்துவக் கண்ணில் அந்தச் சூட்டால் காலணா பிரயோஜனம் கிடையாது.

இதற்கிடையே வாஷிங்டனில், ஆள் நடிக்கிறார் என்ற பேச்சு. வெறும் தசைக் காயம் என்று ஆரம்பத்தில் ஒரு டாக்டர் விசாரணையில் சொன்னதைத் தெற்கத்தியர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஐரோப்பாவில் ஊர் சுற்றுகிறார், பழைய புத்தகமும் ஓவியப் பிரதிகளும் வாங்குகிறார், செனட்டுக்கு வரத்தான் உடம்பு இடம் கொடுக்கவில்லையா என்று கேட்டார்கள். கேள்வி முழுக்க அபத்தமும் இல்லை. அவர் ஊர் சுற்றியது உண்மை, புத்தகம் வாங்கியதும் உண்மை. வெளியூரில் தேறிவிடும் உடம்பு செனட்டுக்குள் கால் வைத்ததும் குலைந்துவிடும். இதை நடிப்பு என்றார்கள் அன்று. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்க்குப் பட்டாசுச் சத்தம் கேட்டால் உடல் நடுங்குவதுண்டே, அந்த வகையான மன அதிர்ச்சியின் நோய் இது என்பது பின்னாள் வரலாற்று ஆசிரியர்கள் பலரின் கணிப்பு. நடிக்கிறவன் வெற்று முதுகில் நெருப்பு வைத்துக்கொள்ள மாட்டான் என்பது என் கணிப்பு.

1859 டிசம்பர் 5-ம் தேதி சம்னர் திரும்பி வந்து உட்கார்ந்தார். அடிமைகளைத் திரட்டிக் கிளர்ச்சி செய்ய முயன்ற ஜான் ப்ரௌனைத் தூக்கிலிட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வந்த இடம் பழைய இடம் இல்லை. அவர் இல்லாத காலத்தில், அந்த ஆண்டு ஜனவரியிலேயே, செனட் புதிய பெரிய மண்டபத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. எதிராளிகளும் இல்லை. ப்ரூக்ஸ் 1857 ஜனவரியில், தொண்டை அடைத்து, முப்பத்தேழு வயதில் செத்துப்போனார். அதே ஆண்டு மே மாதம் பட்லர் போனார். 1860 ஜூன் 4-ம் தேதி சம்னர் மறுபடி எழுந்து பேசினார். நான்கு மணி நேரம். தலைப்பு, அடிமை முறையின் காட்டுமிராண்டித்தனம். சுருதி ஒரு கட்டைகூட இறங்கவில்லை.

அடுத்த வருடம் நாற்காலி காலியாகும் முறை எதிர்ப்பக்கத்துக்கு வந்தது. தென் மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்துபோக, அவற்றின் செனட்டர்கள் விடைபெற்றும் பெறாமலும் வெளியேறினார்கள். உள்நாட்டுப் போர் மூண்டபின், 1861 ஜூலை 11-ம் தேதி, ஒரே நாளில் பத்துப் பேரைச் சபை நீக்கியது. சம்னருக்கு வெளியுறவுக் குழுத் தலைவர் பதவி கிடைத்ததே இந்தக் காலி இடங்களால்தான். பத்து வருடம் அந்தப் பதவியில் இருந்தார். ஹெய்த்தி, லைபீரியா ஆகிய கறுப்பினக் குடியரசுகளை அமெரிக்கா அங்கீகரித்தது, அலாஸ்காவை ரஷ்யாவிடமிருந்து வாங்கும் ஒப்பந்தம் 37-க்கு 2 என்று தேறியது, இவற்றிலெல்லாம் அவர் கை உண்டு. விரிவாகச் சொன்னால் தனி அத்தியாயம் ஆகும்.

ஒன்றை மட்டும் விட முடியாது. செனட் காலி செய்துவிட்டுப் போன அந்தப் பழைய மண்டபத்தை 1860-ல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. கறுப்பினத்தார் அமெரிக்கக் குடிமக்களே ஆக முடியாது என்று 1857-ல் தீர்ப்பெழுதிய தலைமை நீதிபதி ரோஜர் டேனி 1864-ல் காலமானார். அவர் இடத்துக்கு வந்தவர் சால்மன் சேஸ். ஞாபகம் இருக்கிறதல்லவா, 1852-ன் அந்த நான்கு வாக்கில் ஒன்று. 1865 பிப்ரவரி 1-ம் தேதி, அடிமை முறையை ஒழிக்கும் 13-வது திருத்தம் பிரதிநிதிகள் சபையில் தேறிய மறுநாள், சம்னர் அந்த மண்டபத்துக்குள் போனார். கூடவே ஜான் ராக் என்ற கறுப்பின வழக்கறிஞர்; பல் வைத்தியமும் பார்த்தவர், மருத்துவமும் படித்தவர். இவரை இந்த நீதிமன்றத்தில் வழக்காட அனுமதிக்க வேண்டும் என்று சம்னர் முன்மொழிந்தார். சேஸ் தலையசைத்தார். ராக் உறுதிமொழி எடுத்தார். உச்ச நீதிமன்றத்தில் அனுமதி பெற்ற முதல் கறுப்பின வழக்கறிஞர் அவர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் மேசையைப் பெயர்த்துக்கொண்டு சம்னர் ரத்தத்தோடு விழுந்தது இதே தரையில்தான்.

இனி, ஆரம்பத்தில் விட்ட இடம். 1869-ல் ஏன் வாக்களிக்கவில்லை?

திருத்தம் போதாது என்பதுதான் காரணம். நிறத்தைக் காட்டி வாக்குரிமையைப் பறிக்கக் கூடாது என்கிறீர்கள், சரி. எழுதப் படிக்கத் தெரியவில்லை என்று பறித்தால்? தலைவரி கட்டவில்லை என்று பறித்தால்? அதற்கெல்லாம் இந்த வாசகத்தில் பூட்டு எங்கே? மேலும், இதற்குத் திருத்தமே தேவையில்லை, சாதாரணச் சட்டம் போடவே நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது என்பது அவர் வாதம். யாரும் கேட்கவில்லை. ‘இல்லை’ என்று சொன்னால் எதிரிகளோடு சேர்ந்ததாகிவிடும். ‘ஆம்’ என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

அவர் பயந்தது அப்படியே நடந்தது. 1890-ல் மிசிசிப்பி தன் புதிய அரசியல் சட்டத்தில் எழுத்தறிவுத் தேர்வையும் தலைவரியையும் நுழைத்தது. மற்ற தென் மாநிலங்கள் பின்னாலேயே வந்தன. பூட்டு போட 1965 வரை ஆயிற்று. சம்னரின் கண்ணுக்கு இது முன்பே தெரிந்தது என்பதை மறுக்க முடியாது. இருந்தாலும் அந்த மௌனத்தை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. தன் வாக்கு இல்லாமலே தேறிவிடும் என்று தெரிந்த சபையில் வாய்மூடி இருப்பது சுலபம். முக்கால் வயிறு சோறு என்றாலும் பசித்தவனுக்கு அது சோறுதான். கம்பளி வரிக்காக நோயாளியாக வந்து வாக்களித்தவர், இதற்கு வாக்களித்துவிட்டு, குறையை நாலு மணி நேரம் பேசியிருக்கலாம். பேச்சுக்கா அவரிடம் பஞ்சம்?

பிறகு வந்த வருடங்கள் இறங்குமுகம். டொமினிகன் குடியரசை அமெரிக்காவோடு சேர்த்துக்கொள்ளும் ஜனாதிபதி கிராண்டின் ஒப்பந்தத்தை முன்நின்று எதிர்த்தார். 1870 ஜூனில் 28-க்கு 28 என்று அது தோற்றது. அடுத்த மார்ச்சில் வெளியுறவுக் குழுத் தலைமை பறிபோனது. 1872 டிசம்பரில், உள்நாட்டுப் போரில் ஜெயித்த இடங்களின் பெயர்களை ராணுவக் கொடிகளில் பொறிக்க வேண்டாம், சொந்தச் சகோதரர்களை வென்றதைக் கொண்டாடக் கூடாது என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். வீரர்களை அவமதித்துவிட்டார் என்று, காலி நாற்காலியைக் கிட்டத்தட்ட ஒருமனதாகத் தேர்ந்தெடுத்த அதே மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அவர் மீது கண்டனத் தீர்மானம் போட்டது. நெஞ்சுவலி வேறு சேர்ந்துகொண்டது. சபைக்கு வராத நாள்கள் மறுபடி பெருகின.

1874 பிப்ரவரியில் சட்டமன்றம் மனம் மாறிக் கண்டனத்தைத் திரும்பப் பெற்றது. அந்தத் தீர்மானத்தை மார்ச் 10-ம் தேதி செனட்டில் முறைப்படி சமர்ப்பித்தார்கள். டாக்டர் போக வேண்டாம் என்றிருந்தார். சம்னர் வந்திருந்தார். தன் இடத்தில் உட்கார்ந்து கேட்டார். அன்று இரவு மாரடைப்பு. மறுநாள் பிற்பகல், பார்க்க வந்த நண்பரிடம் கறுப்பினத்தாருக்குச் சம உரிமை கேட்கும் தன் குடிமை உரிமை மசோதாவைக் கைவிட்டுவிடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

ஏப்ரல் 17-ம் தேதி, மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த வில்லியம் வாஷ்பர்னை அவர் இடத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தத் தடவை நாற்காலி காலியாக இருந்தது ஐந்து வாரம்.

(தொடரும்)